செல்வாம்பாள் பெயரில் மூன்று எண்கள்

தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் அண்ணன் விஜயராகவன் அவர்களே, முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோரே, முத்தியால்பேட்டை முதல் முதலியார்பேட்டை வரை கடையடைத்து வந்திருக்கும் செல்போன் கடைத் தோழர்களே, நிமிர்ந்து பார்க்க எனக்குத் தகுதியில்லாத தாய்மார்களே! உழவர்கரைக் கடைக்காரன் தணிகாசலத்தின் வணக்கம்.

3ஜி என்கிற மூன்றாம் தலைமுறை அலைவரிசை நம் புதுவைக்கு வருகிறது. முகம் பார்த்தே பேசலாமாம். அதைத் திருடரிடமிருந்து காப்பது எப்படி என்று பேச அழைத்தீர்கள். எங்கோ இருந்துகொண்டு கணினியில் கன்னம் வைப்பவனைப் பற்றிக் குறிப்பெடுத்து வந்தேன். ஆனால் காவலுக்கு நின்றவன் யார்? கதவைத் திறந்துவிட்டவன் யார்? இரண்டும் நான்தான்.

போன ஆண்டு, வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் செல்வாம்பாள் அம்மா என்னிடம் ஒரு சிம் கார்டு வாங்கினார். மூன்று போட்டோ, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மூன்று கேட்டு வாங்கினேன். ஒன்றுக்கு எதற்கு மூன்று? கடைக்காரத் தோழர்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் கம்பெனி கொடுத்த விற்பனை டார்கெட் முடிக்க, மீதியை வைத்து அவர் பெயரிலேயே இன்னும் இரண்டு எண்களை எடுத்தேன். அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். அந்த இரண்டையும் யாரென்று தெரியாத ஒருவனுக்கு விற்றேன்.

அவன் அதில் ஒன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் விட்டான். போலீஸ் யாரைத் தேடிப் போனது? மீன்கூடையோடு நின்ற அந்தத் தாயை.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். “தம்பி, உங்கிட்ட ஒரு நம்பருதான வாங்கனேன்? ஸ்டேஷனுக்கு வந்து அத மட்டும் சொல்லிட்டுப் போயிடு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. கடையில ஆளு நிக்குது.”

அவர் திட்டவில்லை. “சரி தம்பி, யாவாரத்தப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்கம், அவையோரே, வெட்கம்! ஜாமீன் நிபந்தனைப்படி இன்றும் வாரந்தோறும் அவர் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறார். பொய்க் கையெழுத்துப் போட்ட நான் இங்கே பொன்னாடையோடு நிற்கிறேன்.

“உட்காருப்பா” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. ஓராண்டாக உட்கார்ந்துதான் இருந்தேன், ஐயா.

வானுயரக் கோபுரம் நடலாம். வகைவகையாய்ப் பூட்டுப் போடலாம். பெயரே பொய்யானால் எந்தத் தலைமுறையைக் காப்பாற்றுவோம்? என் மேசை டிராயரில் இன்னும் நாற்பது பேர் முகம் கிடக்கிறது. உங்கள் டிராயரில் எத்தனை?

நாளைக் காலை செல்வாம்பாள் அம்மா கையெழுத்துப் போடப் போகும்போது, அவருக்கு முன்னால் நான் போய் நடந்ததை எழுதிக் கொடுப்பேன். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. தயவுசெய்து கைதட்டாதீர்கள். வருகிறேன், வணக்கம்.