பிசாசு என்று சேமித்த எண்

“அவரு என்னைப் பிசாசுன்னு கூப்ட்டு ரொம்ப நாள் ஆவுதுக்கா.”

மாலை நேர மின்சார ரயில், பெண்கள் பெட்டி. எதிர் இருக்கையின் ஜன்னலோரம் இருந்த இளம்பெண்தான் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“ஊட்டுக்காரரா? நல்லதுதானே.”

“லவ் பண்ணும்போது அவரு போன்ல என் பேரு தேவதை. கல்யாணம் ஆனதும் பிசாசுன்னு மாத்திட்டாரு.”

“எங்க ஊட்ல அப்டி வெச்சா சோறு கெடைக்காது.”

“கோவத்துல இல்லக்கா. ‘பிசாசு, சாப்ட்டியா’ன்னுதான் போன் பண்ணுவாரு.”

“இது நல்லாகீதே. எங்க மேனேஜரம்மாவ நாங்க தேவதைன்னுதான் சொல்றோம். அந்தம்மா ஒருநாள்கூட கேட்ட லீவு குடுத்ததில்ல.”

கொரட்டூரில் பாதிக் கூட்டம் இறங்கியது. அக்கா விடவில்லை.

“சரி, இப்ப இன்னா பேரு வெச்சுகீறாரு?”

“நேத்து என் போனக் காணோம்னு அவரு போன்லேர்ந்து அடிச்சேன். ‘மஞ்சுளா பட்டாபிராம்’னு என் பேரும் ஊரும் வந்துச்சு. மெக்கானிக் ஆவடின்னு போட்டு வெப்பாங்களே, அத்த மாதிரி.”

“புது போன் வாங்கினாரா? பழைய பேரு அழிஞ்சிருக்கும்.”

“அதே போன்தான்.”

அக்காவின் கை அவரைக்காயோடு நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“உங்களுக்குள்ள இன்னா சண்ட?”

“சண்டையே இல்லக்கா. சண்ட போட்டிருந்தா பிசாசுன்னே வுட்டிருப்பாரு.”