வழுக்காத பலகை

மழை ஓயாத ஊரில் மரப்பலகையை நம்பக்கூடாது, தம்பி. உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் மாற்றிவிடுங்கள். இன்ஸ்பெக்டர் வீடு என்று கரையான் மரியாதை பார்க்காது.

கிள்ளானில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் தரை சரிந்து போவதால், தூண் நட்டு, திண்ணை மாதிரி மரத்தில் ஒரு டெக் போட்டிருந்தோம். என் கணவர் சிரில் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் போட்டது. ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. டெக்குக்கும் வயதாகிவிட்டது. போன வருடம் ஒரு பலகை முறிந்து, அவர் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நான்தான் இழுத்தெடுத்தேன். கொல்ல நினைத்திருந்தால் அந்த டெக்கை அப்படியே விட்டிருக்கலாமே. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பண்டமாரானிலிருந்து யுகேந்திரன் என்ற கண்ட்ராக்டர் வந்தார். உளுத்த தூண், பழைய டெக்குக்கு மேலிருந்த தகரக் கூரை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையில் புது டெக் போட்டார். கரும்பழுப்பு நிறம். கரையான் தொடாது, மழையில் வழுக்காது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு இரும்புக் கிரில். சமையலறைக் கதவைப் பூட்டினால் அங்கிருந்து வேறு வழி கிடையாது. வேலை முடிந்ததும் அவர் சொன்னார்: "ஆன்டி, இந்தப் பலகை வெயில்ல ரொம்ப சூடாகும். மத்தியானத்துல வெறுங்கால் வைக்க முடியாது. மேல கூரை ஒண்ணு போட்டுறலாம் லா."

பிறகு பார்க்கலாம் என்றேன்.

அப்போது என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சிரில் தண்டவாளம் வரை போய்விடுவார். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க முடியாது. சர்ச்சுக்குப் போய் இரண்டு வருடம். மகன் ரோனி மெல்பர்னிலிருந்து கூப்பிட்டு, "நீங்க இருக்கிறதால நான் நிம்மதியா இருக்கேன்மா" என்பான். போனை வைத்ததும் அழுகை வரும். சிரிலுக்கோ நான் யாரென்றே தெரியாது. கண்ட்ராக்டர் கூப்பிடுவதுபோல அவரும் என்னை ஆன்டி என்பார். "ஆன்டி, என் வைஃப் எங்க போயிட்டா? இன்னும் காணோமே" என்று என்னிடமே கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புது டெக் வந்த பிறகு, காலையில் அவரை அங்கே விட்டுப் பூட்டிவிட்டு நிதானமாகக் குளித்தேன். பிறகு சமைக்கும்போதும் விட்டேன். பிறகு மத்தியானம் நான் தூங்கும்போதும். நாற்காலியை எடுத்துவிட்டேன், ஏறி விழுந்துவிடுவார். செருப்பு கொடுக்கவில்லை. வீட்டுக்குள் செருப்பு போடக்கூடாது, டெக்கும் வீடுதான் என்பது அவரே போட்ட சட்டம். எல்லாம் மறந்தும் அதை அவர் மறக்கவில்லை. அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். ராத்திரி பாதத்துக்கு மருந்து போட்டுவிடுவேன். அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

வியாழக்கிழமை வெயில் அதிகம். டெக்கில் நிழல் விழுந்த பிறகு நான் கதவைத் திறந்தபோது அவர் உயிர் போயிருந்தது. அதற்கு முன்னால் நடந்ததைத்தானே கேட்கிறீர்கள்.

கதவைத் தட்டினார். "ஆன்டி, கதவத் தொறங்க ஆன்டி" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று முதலில் சொன்னது பொய். கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சாவி மடியில் இருந்தது. தட்டுவது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு "குளோரியா" என்றார்.

என் பெயரைச் சரியாகச் சொன்னார், தம்பி. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குரல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே திறந்தால், என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு நான் மறுபடியும் ஆன்டி ஆகிவிடுவேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.