பட்டறையில் பதினாலு பேர்

மனைவி: ...அந்த நாற்காலியை அப்படி இழுக்காதீங்க, தரை கீறுது.

வெல்டர்: இது வெல்டிங் பட்டறைம்மா. இங்க கீறாத தரை எங்க இருக்கு?

மனைவி: இன்னிக்குப் பட்டறை இல்ல, சபை. காலையில பதினாலு பேர் உக்காந்து ஆராதனை பண்ணின இடம்.

வெல்டர்: பதிமூணு.

மனைவி: பதினாலு. பாஸ்டரை விட்டுட்டே எண்ணினேன்.

வெல்டர்: என்னைச் சேர்த்துட்டியா? நான் கிரைண்டர் பக்கத்துல காவலுக்கு நின்னேன். யாராவது ஸ்விட்சைத் தட்டிட்டா?

மனைவி: கண்ணை மூடிக்கிட்டுக் காவல் காக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.

வெல்டர்: தூசி விழுந்துச்சு.

மனைவி: ரெண்டு கண்ணுலயுமா?

வெல்டர்: ...கால் வலிக்குதா? நீட்டிக்க ஸ்டூல் தரவா?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. பாஸ்டருக்குத்தான் நன்றி சொல்லணும். எத்தனையோ தெரு இருக்க, நம்ம தெருவைத் தேடி வந்து சபை ஆரம்பிச்சிருக்கார்.

வெல்டர்: ம்... நல்ல மனுஷன்.

மனைவி: முன்னாடி ரெண்டு பஸ் மாறிப் போவேன். இப்ப வீட்டுப் படி இறங்கினா சபை... ஆனா ஒண்ணு புரியல. இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு ஒதுங்கியே இருந்த ஆளு, அவர் கேட்டதும் எப்படித் தலையாட்டினீங்க?

வெல்டர்: ஞாயித்துக்கிழமை இடம் சும்மாதானே கிடக்குது.

மனைவி: அதுக்கு ஒரு வாரம் வேலையைத் தள்ளிப் போட்டு சுவருக்கு வெள்ளை அடிச்சீங்களாக்கும்.

வெல்டர்: கரி பிடிச்சிருந்துச்சு.

மனைவி: இருபது வருஷக் கரி, போன வாரந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. சரி, வாசல்ல சரிவா இரும்புப் பலகை போட்டு, ஓரத்துல கைப்பிடி வச்சு வெல்டிங் பண்ணியிருக்கீங்களே... அது?

வெல்டர்: கேஸ் சிலிண்டர் உருட்ட.

மனைவி: சிலிண்டருக்கு எதுக்குங்க கைப்பிடி?

வெல்டர்: வயசான சிலிண்டர்.

மனைவி: சிரிக்க வைக்காதீங்க, விலா வலிக்குது... நீங்க டீ வாங்கப் போனப்ப பாஸ்டர் பிரசங்கத்துல என்ன சொன்னார் தெரியுமா? யாரோ ஒருத்தர் வந்து கூப்பிட்டதாலதான் இந்தத் தெருவுக்கே வந்தாராம்.

வெல்டர்: சொல்லிட்டாரா? வாயே திறக்க மாட்டேன்னு எங்கிட்ட...

மனைவி: பேரு சொல்லல. இப்ப நீங்கதான் சொன்னீங்க.

வெல்டர்: இந்த நாற்காலியை எங்க அடுக்கணும்?

மனைவி: எத்தனை தடவை போனீங்க?

வெல்டர்: மூணு. முதல் தடவை முடியாதுன்னார். தெரியாத தெரு, யார் வருவாங்கன்னார். ஒரு ஆளு நிச்சயம் வருவான்னு நான் சொன்னேன்.

மனைவி: இத்தனையும் எனக்குத் தெரியாம.

வெல்டர்: நீ பஸ்லேர்ந்து விழுந்து நாலு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை வந்தா ஜன்னல்ல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருப்ப. எனக்குத் தாங்கல. உன் சாமியை எனக்குப் பழக்கமில்ல, அவர்கிட்ட எப்படிக் கேக்கணும்னும் தெரியாது. அதான் அவரோட ஆளைப் போய்க் கேட்டேன்... ஏன் அழுவுற? கால்தானே? நான் அப்பவே கேட்டேன்ல.

மனைவி: கால் இல்லங்க. அந்த ஜன்னல்... அது ஏக்கம் இல்ல, கோவம். அந்தச் சாமியைப் பாக்கப் போற வழியிலதானே விழுந்தேன். எதிர்வீட்டு டீச்சர் வாராவாரம் கார்ல கூட்டிட்டுப் போறேன்னாங்க, நான்தான் கால் மேல பழியைப் போட்டு மறுத்துட்டேன். நாலு வருஷமா ஒரு ஜெபம் பண்ணல. இன்னிக்குக்கூட நீங்க மெனக்கெட்டீங்களேன்னுதான் வந்து உக்காந்தேன். வாயே திறக்கல. ரெண்டாவது பாட்டுல பின்னாடி ஒரு குரல்... வார்த்தை தெரியல, ராகமும் தெரியல, ஆனாலும் விடாமப் பாடிக்கிட்டிருந்துச்சு. திரும்பிப் பாக்காமலே யாருன்னு தெரிஞ்சுது. அப்பதான் நாலு வருஷம் கழிச்சு அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினேன்... இந்த ஆளை எனக்குக் குடுத்ததுக்கு நன்றின்னு.