நாடியைத் தூக்கினால் மறையும் புள்ளி

பிள்ளைகளே, ஹென்டர்சனில் ரயில் ஏறிய ஒரு அம்மா, "நாடியைத் தூக்கினா புதுத் துப்பாக்கியில சிவப்புப் புள்ளி மறைஞ்சு போகுது தம்பி. நான் கிளப்பை விடப்போறன். விட மனமும் இல்ல" என்றார். தம்பி என்பவர் தமிழ்நாட்டுக்காரர். இருவரும் ஒரே துப்பாக்கி சுடும் கிளப். நான் பின் இருக்கையில் இருந்தேன்.

"ஏன்க்கா முகவாயைத் தூக்குறீங்க?"

"பழைய துப்பாக்கியில நுனியில இருக்கிற இரும்புக் குறி தெரிய வேணுமெண்டா, மூக்குக்கண்ணாடியின்ர கிட்டப் பார்க்கிற கீழ்ப்பக்கத்தாலதான் பார்க்கவேணும். பழகிப்போச்சு."

"புதுசுல அது வேணாம்க்கா. சுடுற அட்டையை மட்டும் நேரா பாருங்க, துப்பாக்கி மேல இருக்கிற சின்னக் கண்ணாடியில புள்ளி தானா வந்து உட்காரும். முன்னாடியெல்லாம் அந்தக் கண்ணாடியை மாட்டத் துப்பாக்கியைப் பட்டறையில கொடுத்துச் செதுக்கணும். இப்ப கம்பெனியிலயே இடம் வெட்டி, திருகுத் துளையோட வருது. பேட்டரி தீர்ந்தாலும் சுடலாம், இரும்புக் குறியைக் கண்ணாடி வழியாத் தெரியுற உயரத்துல வச்சிருக்கான். என்ன மூளை பாருங்க!"

"ஓம், கெட்டிக்காரர்தான். என்ர நாடிக்கு ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையே?"

"அதுக்குத்தான் நான் இருக்கேனே. சனிக்கிழமை வாங்க. தூக்கினா கத்துவேன்."

இறங்க எழுந்த அம்மா, கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிட்டப் போய்ப் படித்தார். நாடி மெல்ல மேலே போனது.

"அக்கா!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அம்மா சட்டென்று நாடியை இறக்கிக்கொண்டு சிரித்தார்.

"வாறன், வாறன். சனிக்கிழமை இவ்வளவு சத்தமாக் கத்தாதையும்."