‘பத்தாள்’ எமட் ப்ரூசார்ட் அவர்களுக்கு டொலீடோ தடுப்பாட்டக் குழுவினர் வாசித்தளிக்கும் மடல்

எதிரணி எண்ணத் தொடங்குமுன் அதன் எண்ணத்தை எண்ணி முடிக்கும் எங்கள் எமட் ப்ரூசார்ட் அவர்களே! கெஜம் கெஜமாய் நிலம் பிடிக்க வந்தோரை வந்த வழியே வழியனுப்பிய வல்லவரே! ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும் டொலீடோவில் லூசியானாவின் வெயிலைத் தம்மோடு கொண்டுவந்து, ஒற்றைத் தொப்பியோடு ஓரக்கோட்டில் நின்ற உறுதியின் உருவே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை முன்வரிசைப் பயிற்சியாளனாகிய என் தலையில் கட்டினார்கள். தங்களிடம் அதிகம் திட்டு வாங்கியவன் யார் என்று கணக்குப் பார்த்தபோது போட்டியே இல்லாமல் நான்தான் தேறினேனாம். ஆகவே, புகழ்ச்சிக்கு நடுவே பழைய பாக்கி ஒன்றிரண்டு தீர்க்கப்பட்டால் பொறுத்தருள வேண்டும்.

லூசியானாவின் ஓபலூசஸ் நகரத்துப் பள்ளியில் காலையில் வரலாறும் மாலையில் அமெரிக்கக் கால்பந்தும் கற்பித்துத் தொடங்கியது தங்கள் பயணம். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு இட்டதும், சேறு படிந்த சட்டைகளைத் துவைத்ததும், தோற்றுத் திரும்பும் பேருந்தைத் தாமே ஓட்டியதும் அந்நாளில் தங்கள் கடமைகள். பின்னர் கல்லூரிகள்; பின்னர் தொழில்முறை அணி ஒன்றில், எதிரணியின் ஆட்டப் படங்களை வெட்டி ஒட்டித் தரும் கடைநிலை உதவியாளர் பதவி. அங்கிருந்து இரண்டாம் வரிசைப் பயிற்சியாளராக ஓர் ஊர், மேலும் ஓர் ஊர், இன்னும் ஓர் ஊர். ஆட்டப் பருவம் முடிந்த திங்கட்கிழமை வேலை போவதும், வெள்ளிக்குள் வேறு மாநிலத்தில் வீடு தேடுவதும் நம் பிழைப்பின் இலக்கணம். தங்கள் இல்லத்தரசி வெர்லீன் அம்மையார் ஒரு கட்டத்தில் பெட்டிகளைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டார். “சட்டியும் கரண்டியும் மட்டும் வெளிய இருக்கட்டும், எமட். மிச்சத்தைப் பிரிச்சா நீ தோத்துடுவே” என்று அவர் சொன்னதை இந்த மன்றத்தில் உள்ள மனைவியர் யாவரும் மனப்பாடமாக அறிவர்.

ஒமாஹாவில் தாங்கள் முதன்முதலாகத் தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்றீர்கள். அணி இறுதிப் போட்டிவரை சென்றது. கடைசி நிமிடத்தில், பதினொருவர் நிற்க வேண்டிய களத்தில் தங்கள் அணியினர் பத்துப் பேரே நின்றனர். நட்டநடுவே ஆளில்லாத இடத்தின் வழியாக எதிரணிக்காரன் நடந்து போவதுபோல் போய் எல்லைக் கோட்டைக் கடந்தான். கோப்பை போயிற்று. வரத் தவறியவன் யார் என்று செய்தியாளர்கள் துளைத்தெடுத்தும் தாங்கள் வாய் திறக்கவில்லை. தவறு தம்முடையது என்று சொன்னீர்கள். திங்கட்கிழமை வேலை போயிற்று.

அன்றுமுதல் தங்கள் பெயருக்கு முன்னால் ‘பத்தாள்’ என்பது ஒட்டிக்கொண்டது. போன மைதானமெல்லாம் பார்வையாளர் பத்து விரலையும் விரித்துக் காட்டினர். கடைத்தெருவில் வெர்லீன் அம்மையாரிடமே ஒருவன் விரலைக் காட்டியதும், அவர் ஒற்றை விரலால் பதிலளித்ததும் இங்கே விரித்துரைக்கத் தக்கதன்று. எந்த அணியும் அழைக்காத ஆண்டுகளில் மொண்டானாவின் மூலையில் ஒரு சிறு கல்லூரியில் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் தங்களை டொலீடோவுக்கு அழைத்ததும் உதவியாளராகத்தான். பதவி மெல்லவே உயர்ந்தது; பட்டப்பெயர் மட்டும் கீழே இறங்கவில்லை.

இங்கே வந்த முதல் வாரமே வெள்ளிக்கிழமைப் பயிற்சியின் கடைசிப் பகுதியில் ஒருவனை வெளியே நிறுத்திவிட்டுப் பத்துப் பேரோடு ஆடவைத்தீர்கள். தாங்கள் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கினால் ஆள் ஒன்று குறைகிறது என்று பொருள். எல்லோரும் நடுவை நோக்கி நெருங்க வேண்டும். பந்திலிருந்து தொலைவில் உள்ள ஓரத்தைக் கைவிட வேண்டும். பந்து அவ்வளவு தூரம் போகுமுன் அதை வீசும் எதிரணிக்காரனை நெருக்கிவிட வேண்டும். ஊர்ப் பத்திரிகை சிரித்தது. அணி உரிமையாளர் தலையில் கைவைத்தார். நானும் சிரித்தேன். முன்வரிசையின் மலையான தெரோன் கல்ப்பெப்பர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டே விட்டார்:

“கோச், பத்துப் பேரோட ஆடப் பழகுறதுக்குப் பதிலா, பதினொண்ணு வரைக்கும் எண்ணப் பழகிக்கலாமே?”

களமே சிரித்து அடங்கும்வரை தாங்கள் காத்திருந்தீர்கள்.

“எண்ணத் தெரிஞ்சவனுக்குத்தாண்டா பயம். நாளைக்கு ஒருத்தன் வரல. வந்த பத்துப் பேரும் அவனைத் திட்டிட்டு நிப்பீங்களா, ஆடுவீங்களா?”

தெரோன் முதல் ஆளாகப் போய் நடுவில் நின்றார். அது ஓர் அதிசயம்.

இந்தப் பருவத்தோடு ஓய்வு என்று கோடையிலேயே அறிவித்துவிட்டீர்கள். இம்முறையும் கோப்பை கைக்கு வராவிட்டால் அந்தப் பத்து தங்கள் கல்லறைக் கல் வரை கூடவே வரும் என்பது தங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அணி வென்றது, விழுந்தது, எழுந்தது. இறுதிப் போட்டிக்கும் வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் நாம் நான்கு புள்ளி முன்னிலை. சாக்ரமெண்டோ அணிக்கு எல்லைக் கோட்டைத் தொட்டு வெல்ல இரண்டே கெஜம். கையில் கடைசி முயற்சி.

அப்போது நம்மவன் ஒருவன் நொண்டியபடி வெளியே வந்தான். அவனுக்குப் பதில் பெஞ்சிலிருந்த மூவரில் எவர் இறங்க வேண்டும் என்பது அந்த முயற்சிக்குத் தாங்கள் அறிவித்த ஆட்ட அமைப்பைப் பொறுத்தது. யாரும் இறங்கவில்லை. தாங்கள் வழக்கம்போல் விரல் நீட்டி எண்ணினீர்கள். அருகில் நின்ற நானும் எண்ணினேன். பத்து. கூவினால் அந்த இரைச்சலில் கேட்காது. தலைக்கவசத்துக்குள் பேசும் கருவி, ஆட்டம் தொடங்கச் சில நொடிகளே இருந்ததால், விதிப்படி அடைபட்டுவிட்டது. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமையும் தீர்ந்திருந்தது. ஒமாஹா தங்களைத் தேடி வந்து எதிரே நின்றது.

தாங்கள் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கினீர்கள்.

ஆகா, அந்தக் காட்சியை எப்படி உரைப்போம்! பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரு சொல் பேசாமல், நடுவை நோக்கி ஓரடி நகர்ந்தனர். வலது ஓரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் காவலே இன்றிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். வீசுபவன் அவனைக் கண்டான், கையை ஓங்கினான், அதற்குள் தெரோன் கல்ப்பெப்பரின் கை எழுந்து பந்தைத் தட்டியது. பந்து புல்லில் விழுந்தது. கோப்பை டொலீடோவுக்கு வந்தது! குளிர்பான அண்டாவைத் தலைமைப் பயிற்சியாளர் தலையில் கவிழ்ப்பதே வழக்கம். அன்று அவரே ஒரு பக்கம் தூக்கிப்பிடிக்க, அது தங்கள் தலையில் கவிழ்ந்தது.

செய்தியாளர்கள் மறுபடியும் அதே கேள்வியோடு வந்தனர். “பதினோரு பேரை நிறுத்துறது என் வேலை. நிறுத்தல. பத்துப் பேரு பதினோரு பேர் வேலையைப் பாத்துட்டாங்க, அவங்களைப் போய்க் கேளுங்க” என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள். இன்றுவரை ஊர் மூன்று பெயர்களைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

ஐயா, இனி வருவதைக் கேட்டுத் தாங்கள் கோபிப்பீர்கள். கோபிப்பது தங்களுக்குப் புதிதும் அல்ல. வாங்கிக்கொள்வது எனக்குப் புதிதும் அல்ல. அன்று அண்டாத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெஞ்சின் மறுகோடியில் துண்டால் முகத்தை மூடி அமர்ந்திருந்த ஒருவரிடம் போனீர்கள். தாங்கள் சொன்னது எங்கள் காதில் விழவில்லை. சென்ற வாரம் அவரே வந்து சொன்னார். மடலில் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தாங்கள் சொன்னது இது:

“பத்தாள்னு எவனாவது கத்தினா நான் திரும்பிப் பாக்குறேன், பழகிப்போச்சு. உனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். எந்திரி, எல்லாரோடயும் நின்னு போட்டோ எடுத்துக்கோ.”

தங்களை எண்ணி எங்கள் நெஞ்சு நிமிர்கிறது, கண்ணும் நனைகிறது, அதை மறைப்பதற்கில்லை. தடுப்பது என்றால் என்னவென்று இத்தனை ஆண்டு தங்களிடம் படித்தும் அன்றுதான் எங்களுக்கு முழுதும் விளங்கியது.

தாங்களும் வெர்லீன் அம்மையாரும் ஓபலூசஸ் வீட்டில் பெட்டிகள் அத்தனையையும் பிரித்து அடுக்கி, நோயின்றி நொடியின்றி, திங்கட்கிழமைக்கு அஞ்சாத நெடுவாழ்வு வாழ்க! அடுப்பில் லூசியானாவின் கம்போக் குழம்பு கொதிக்கும் நாளெல்லாம் எங்களில் ஒருவராவது கதவைத் தட்டும் பேறு வாய்க்க! வாழிய! வாழிய!

என்றும் தங்கள் அன்பில் நிற்கும்,

கீனன் பர்டெட்
(அன்று களத்துக்குள் வராமல் நின்றுவிட்டவன். முதல் கையொப்பம் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன், கோச்.)

தெரோன் கல்ப்பெப்பர்
களத்தில் நின்ற மற்ற ஒன்பதின்மர்
கார்ல் ஷ்ராம், முன்வரிசைப் பயிற்சியாளர்
மற்றும் டொலீடோ ஸ்டோக்கர்ஸ் தடுப்பாட்டக் குழுவினர் அனைவரும்