நாலு மணிக்கு வெள்ளம் வரும்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று அந்தப் பத்மநாபசுவாமிக்கே தெரியாது சார். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே பாதி கட்டி நின்ற கட்டடம். அதன் அடியில் தகரக் கொட்டகைகளில் இருந்த கொத்தனார் குடும்பங்களுக்கு இதுதான் பெரும்பாடு. எல்லோரும் வள்ளியூர்ப் பக்கத்து ஆட்கள், புதிதாக வந்தவர்கள், மலையாளம் பழகவில்லை. அவர்களுக்குச் சமைத்துப்போட்ட ஆவுடைத்தாய்தான் முதலில் கேட்டாள்.

"நம்பி சார், தண்ணி எப்ப வரும்னு ஒரு மெசேஜ் போடுங்களேன். கொடத்த வச்சிக்கிட்டு நாள் பூரா காத்துக் கெடக்கோம்."

பம்ப் ஹவுஸில் விசாரித்து, கம்ப்யூட்டரிலிருந்தே எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். 'தண்ணி வரும்' என்று, இங்கிலீஷ் எழுத்தில். ஒரு நாளும் தப்பியதில்லை. அழகியநம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கிவிட்டேன். பதிலுக்கு அவள் மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள். நான் சைவம். பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவார்.

எங்கள் வேலை ராணுவத்துக்கு. இணையத்தை வைத்து எதிரி நாட்டு ஜனங்களை எப்படிக் கலைப்பது என்று ஆராய்வது. 2005 ஜனவரியில் டெல்லியிலிருந்து வந்த கர்னல், நாங்கள் காட்டியதையெல்லாம் பார்த்துக் கொட்டாவி விட்டார். ஒரு தோட்டாகூட இல்லாமல் ஒரு கூட்டத்தை நகர்த்திக் காட்டுங்கள், இல்லையென்றால் பிரிவை மூடிவிடலாம் என்றார். நியாயமான பேச்சுதான்.

பொய் சொல்லிக் கலைக்க யாராலும் முடியும். எனக்கு அது பிடிக்காது. நான் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். 'நாலு மணிக்கு வெள்ளம் வரும்.' மலையாளத்தில் படித்தால் குழாயில் தண்ணீர் வரும். தமிழில் படித்தால், சுனாமி போய் ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதே மெசேஜைப் பார்த்த பக்கத்து வீட்டு மலையாளி ஓமனா சேச்சி வாளியைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தார். கொட்டகைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடினார்கள். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத படி. அத்தனை பேரும் ஒன்றாக ஏறினால் ஓரத்தில் இருப்பவர்கள் விழத்தான் செய்வார்கள். இறந்தவர்களில் ஆவுடைத்தாயும் அவள் மகளும் உண்டு. எனக்கு வருத்தம்தான். நல்ல மனுஷி.

ஆனால் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் பொய் சொல்லவில்லை.

அதே கட்டடத்தின் இன்னொரு படிக்கட்டில் இருந்த கிரில் கேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நான்தான் பூட்டினேன். இரண்டு வழியாக ஏறினால் எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று கணக்குத் தப்பிவிடும். கர்னலுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆவுடைத்தாய் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் அங்கேதான் வந்தாள். கிரிலுக்கு உள்ளே நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நம்பி சார், நல்ல வேள நீங்க இருக்கீய. கதவத் தொறங்க சார்."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.