வாலில் ஒட்டிய சிவப்பு டேப்

விமான சாகசம் பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு தொப்பி கொண்டுபோவது நல்லது. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் வெந்துபோவது மூக்கு. என் மூக்கு இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது, பாருங்கள் சார்.

என் பெயர் மோகன்ராஜ். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நேற்று நான் சொன்னதில் சில இடங்கள் பொருந்தவில்லை என்றீர்கள். இன்று ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் செக்கிங் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். தைத்து வந்த சட்டைகளைப் பெண்கள் மேஜையில் விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டெய்லர் அதைச் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கரை எடுப்பார். ஸ்டிக்கர் இல்லையென்றால் பீஸ் பாஸ்.

கன்டெய்னர் வாசலில் வந்து நிற்கும்போது சரிசெய்ய நேரம் ஏது? அந்த மாதிரி நாட்களில் நானே உட்கார்ந்து ஸ்டிக்கர்களை உரித்துவிட்டுப் பெட்டி கட்டச் சொல்வேன். முதலாளி என்கிற கௌரவமெல்லாம் எனக்குக் கிடையாது. காலருக்குள் ஒரு தையல் விட்டுப்போனதால் இதுவரை எந்த வெள்ளைக்காரனும் செத்ததில்லை. ஒருமுறை சரக்கு லிஃப்ட்டில் பழுது என்று எலக்ட்ரீஷியன் ஒட்டிவிட்டுப் போன டேப்பையும் எடுத்திருக்கிறேன். என்னிடம் வேலை செய்கிற மாரக்காளுக்குக் கால் போனது அதில்தான். ஆனால் நான் அவளைக் கைவிடவில்லை. உட்கார்ந்தே செய்கிற வேலையாகப் பார்த்து செக்கிங்கில் போட்டேன். ஸ்டிக்கர் ஒட்டுவதில் இப்போது அவளை மிஞ்ச ஆளில்லை.

ஜோதிகா என் மனைவி சித்ரகலாவின் அண்ணன் மகள். ஊத்துக்குளியில் எருமை வைத்து வெண்ணெய் விற்கிற என் மச்சான் நல்லானுக்கு, வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற மகள் பிறப்பாள் என்று யார் கண்டார்கள்? எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போன நாளிலிருந்து, எங்கள் வீட்டுப் பெண் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அவள்மேல் எனக்கு உயிர். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஓடுதளத்துக்கு அவள் குழுவை வரவழைத்தது நான்தான். சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் அவள் பறக்க வேண்டும், இறக்கைக்கு அடியில் என் கம்பெனிப் பெயர் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கூட்டத்துக்கு இலவசமாகக் கொடுக்கச் சட்டையும் அடித்தேன். நெஞ்சில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற படம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த, என் சரக்கை வாங்குகிற பையர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

காலை நன்றாகத்தான் போனது. இந்தப் பைலட்டுகள் ஏறுவதற்கு முன்னால் தரையிலேயே பறந்து பார்ப்பார்கள், உங்களுக்குத் தெரியுமா? ஜோதிகாவும் அவளோடு பறக்கிற புனேக்காரப் பையனும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை விமானம் மாதிரிச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்கள். மச்சான் அதைப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தார்.

"ஏனுங்க மாப்ளே, புள்ளைக்குச் சாமி வந்துருச்சுங்களா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

அப்புறம்தான் மெக்கானிக் முனீஸ் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஜோதிகாவின் விமானத்து வாலில் அசைகிற தகடு ஒன்று இருக்கிறது, அதைக் கையால் ஆட்டிப் பார்த்தான். பிறகு பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினான்.

"போல்ட்டு சரியில்ல அண்ணாச்சி. கோயம்புத்தூர் போயி வேற எடுத்துட்டு வாரேன். டேப்பு இருக்க மட்டும் வண்டிய யாரும் எடுக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அவன் வர நேரமானால் புனேக்காரப் பையன் தனியாகப் பறப்பான் என்று முடிவானது. அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்குத்தான் மனது கேட்கவில்லை. சட்டையில் இரண்டு விமானம் இருக்கிறது, வானத்தில் ஒன்றுதான் வரும். எங்கள் தொழிலில் காட்டிய சாம்பிளும் அனுப்புகிற சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பையர் முகத்தில் விழிக்க முடியாது. அந்த ஜெர்மன்காரர் குனிந்து தன் நெஞ்சைப் பார்ப்பார், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார். அதை நினைத்தபோது எனக்கு உடம்பே கூசியது.

எல்லாரும் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போயிருந்தார்கள். என் போட்டோகிராபர் வேல்குமார் மட்டும் விமானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த டேப் படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்றேன்.

"விடுங்கண்ணா, அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாமுங்க" என்றான்.

அவனையும் சாப்பிட அனுப்பினேன். பிறகு வாலருகே போய், நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, மெதுவாக உரித்தேன். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் நல்ல பழக்கம்.

ஜோதிகா வந்தாள். வாலைப் பார்த்தாள்.

"முனீஸண்ணன் வந்துட்டாருங்களா மாமா?"

"வந்து மாட்டிட்டுப் போயிட்டான் கண்ணு."

"ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க. என்ர போனைக் குடுங்க."

காலையிலேயே போனை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது என்றேன். நேற்று உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். சார்ஜ் இருந்தது. சட்டைப் பைக்குள் முனீஸ்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எடுக்க வேண்டாம் என்று நான் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

அவள் தகட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரிங்க மாமா."

இரண்டு விமானங்களும் சேர்ந்து ஏறின. சட்டையில் இருந்தபடியே குறுக்கே கடந்தன. கூட்டம் எழுந்து நின்றது. பையர் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். அடுத்த கரணத்தில் அவள் விமானம் தலைகீழாக இறங்கியது. நிமிரவில்லை. சோளக்காட்டுக்குள் போனது. அதுவும் வித்தைதான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நான் மட்டும் தட்டாமல் நின்றால் யாராவது என்னைப் பார்ப்பார்கள் அல்லவா?

பிறகு அழுதேன். பொய் அழுகை இல்லை, சித்ரகலாவைக் கேளுங்கள். அழுதுகொண்டே டேப்பை முனீஸின் டூல் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு வந்தேன். அவனுடைய பொருள் அவனிடம் இருப்பதுதானே முறை. அவன் புது போல்ட்டைக் கையில் பிடித்தபடி மைதானத்துக்குள் ஓடி வந்தபோது, அவனைச் சட்டையைப் பிடித்து முதலில் உலுக்கியதும் நான்தான். அவனை நீங்கள் கொண்டுபோய் வைத்திருந்த நாட்களில் அவன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். வேல்குமாரின் கேமராவில் டேப் ஒட்டிய படமும், சாப்பாடு முடிந்து அவன் எடுத்த டேப் இல்லாத படமும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். புள்ளை கடைசியாக என்ன பேசினாள் என்று. "உங்களைத்தானுங்க கேட்டா மச்சான்" என்றேன். அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இருந்தது. என்னால் முடிந்தது அது.

ஆமாம் சார். போல்ட் சரியில்லை என்று தெரிந்தேதான் டேப்பை எடுத்தேன். தெரிந்தேதான் அவளை ஏறச் சொன்னேன். ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. குழந்தைகள் மாதிரி வளர்த்த கம்பெனியும் அவளும் ஒரே நாளில் நல்ல பெயர் வாங்கட்டும் என்று பார்த்தேன்.

இன்னொன்று. நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, பொய் என்று நீங்கள் நினைத்த இடங்களிலெல்லாம் சின்னச் சின்ன சிவப்பு அம்பு ஒட்டி, மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள் அல்லவா? சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. இப்போது படித்துப் பாருங்கள், ஒரு குறையும் இருக்காது.